ஆவாரம்பட்டை வாசம்

செவலையின் மடி கல்லாக இறுகியிருந்தது. அன்னம்மாள் காம்புகளில் விளக்கெண்ணெய் தடவி நீவிக்கொண்டே இருந்தாள். சொம்பின் அடிகூட மறையவில்லை. பசு வெறும் முளைக்குச்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது.

முந்தாநாள் வரை அங்கே அதன் காளைக்கன்று கட்டியிருந்தது. கன்று முட்டினால்தான் செவலை சுரக்கும். "பாலு ஒரு பக்கம், கன்னு கறிக்கு ஒரு பக்கம். ஒரே மாட்டுல ரெண்டு வரும்படி" என்று பண்ணைக்காரர் சுந்தரமூர்த்தி அதைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார்.

கறவைக்கு அன்னம்மாளின் கூலி, நாளுக்கு ஒரு உழக்குப் பால். காய்ச்சலில் விழுந்து அவளுடைய தாய்ப்பால் வற்றியபின், எட்டுமாதக் குழந்தைக்கு அதுதான் உயிர்.

"கன்னு போனா பாலு எறங்காதுன்னு அன்னிக்கே சொன்னேனே ஐயா."

"எனக்கே பாடம் சொல்றியா? அடுத்த சந்த வரைக்கும் பாப்பேன். கறக்கலன்னா இதுவும் கறிக்குத்தான்."

புருஷன் இருதயராஜ் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்காரன். "கன்னுத் தோலு எங்க கெடங்குக்குத்தான் வந்துகீது. மேஸ்திரி கையக் கால புடிச்சு வாங்கியாரேன். வைக்கோல் அடைச்சு நிறுத்திக் கறந்துடு" என்றான்.

நாள்கள் போயின. குழந்தை கஞ்சித்தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கக்கியது. சந்தைக்கு முந்தின நாள் மாலை அவன் சிரித்த முகமாய்த் தோலை விரித்தான். ஒரு மயிர் இல்லை. மஞ்சள் பூத்து, மெழுகாய் வழவழத்தது.

"பச்சத் தோலு அழுகிப் பூடும்ல? அதான் நானே சுண்ணாம்புல போட்டு, ஆவாரம்பட்டத் தண்ணில ஊற வெச்சேன். பத்து வருசம் ஆனாலும் கெடாது பாரு."

அன்னம்மாள் அதை முகத்தருகே கொண்டுபோனாள்.

"கன்னு வாசம் எங்கய்யா?"

அவன் சுண்ணாம்பு அரித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இருந்தாலும் வைக்கோல் அடைத்து நிறுத்தினார்கள். செவலை ஆவலாய்க் கழுத்தை நீட்டி மோந்தது. சீறிப் பின்வாங்கியது. உதைத்த உதையில் சொம்பு உருண்டது.

"இன்னாடா இருதயராஜு, மாட்டுக்குச் செருப்பு தைக்கவா கொண்ணாந்தே?" என்று சுந்தரமூர்த்தி சிரித்தார்.

மறுநாள் காலை கறி வியாபாரிகள் வந்து செவலையைக் கயிறு மாற்றி ஓட்டிப் போனார்கள். நடக்க நடக்க, கட்டியிருந்த பால் காம்பிலிருந்து சொட்டிப் புழுதியில் விழுந்தது. இடுப்பில் குழந்தையோடு பின்னாலேயே ஓடிய அன்னம்மாள் குனிந்து மடியடியில் கை ஏந்தினாள்.

"வித்த மாட்டுல கைய வெக்காதேடி!" பின்னாலிருந்து சுந்தரமூர்த்தியின் குரல் வந்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். விரல்நுனியில் ஒரு சொட்டு இருந்தது. அதைக் குழந்தையின் வாயில் வைத்தாள். மாடு சாலைத் திருப்பத்தில் மறைந்த பிறகும் குழந்தை விரலை விடவில்லை.