சுண்டுவிரல் அறிந்த வெல்வெட்

"கண்ண மூடு புள்ள. டீச்சருக்கு ஒருக்கா எங்கட மெஷின காட்டுவோம்," என்றார் துணிக்கடை ஸலீம் முதலாளி. கல்லாவிலிருந்து எழும்பி வந்து மூன்று துண்டுகளை மேசையில் விரித்தார். மூன்றும் ஒரே மெரூன். மகளின் கல்யாண பிளவுசுக்கு வெல்வெட் எடுக்க வந்திருந்த ஸிஹாமா டீச்சர், போன மாதம் வேறெங்கோ வெலூர் துணியை வெல்வெட் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்.

அவர் மெஷின் என்றது கடையில் வேலைசெய்யும் றோசாலியை. அவள் கண்ணை மூடினாள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருஷம் கொழுந்து பறித்ததில் அவளுடைய மற்ற விரல்கள் காய்த்துப்போயிருந்தன. தப்பியது சுண்டுவிரல்தான். கடையில் சேர்ந்த நாளிலிருந்து துணியை அந்த விரலால்தான் தொட்டுப் பார்ப்பாள். நல்ல வெல்வெட் ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும். பருத்தி வெல்வெட்டின் ரோமம் குட்டை, பிடிப்பும் மந்தம். வெலூர் பின்னல் துணி, இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும்.

மூன்று கிழமையாக அந்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து விரலும் மரத்து வருகிறது. முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு தேமல். கிள்ளினால்கூடத் தெரியவில்லை. நீளக்கை சட்டைக்கு மாறிவிட்டாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது: 'உணர்வில்லாத தேமலா? தொழுநோயாக இருக்கலாம்.' கீழே சின்ன எழுத்தில் மருந்து, குணமாகும், இலவசம் என்றெல்லாம் இருந்தது. அவள் அதுவரை படிக்கவில்லை. அவள் குடியிருக்கும் தோட்டத்து லய வரிசையில் ஒரு வீட்டில் சொன்னால் பன்னிரண்டு வீட்டுக்கும் சொன்ன மாதிரி. அவள் தொட்ட துணியை அதற்குப் பிறகு யார் தொடுவார்கள்?

முதல் துண்டை இழுத்தாள். நெகிழ்ந்து கொடுத்தது.

"இது வெலூருங்க."

"பாத்தீங்களா டீச்சர்!"

மற்ற இரண்டிலும் சுண்டுவிரலை ஓட்டினாள். வழுக்கலும் இல்லை, பிடிப்பும் இல்லை. மற்ற விரல்களை மெல்லக் கொண்டுவந்தாள். காய்த்த தோலுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இமையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், எது வெல்வெட் என்று மினுக்கமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முதலாளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுங்க... வெல்வெட்டு."

ஸலீம் சிரித்தார். "அது பருத்தி புள்ள! இன்டைக்கு மெஷினுக்கு கரண்ட் இல்ல டீச்சர்." சிரித்துக்கொண்டே கல்லாவுக்குத் திரும்பினார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இதென்ன புள்ள விரல்ல? கொப்புளமா?"

றோசாலி கண்ணைத் திறந்தாள். சுண்டுவிரல் நுனியில் நீர் கோத்து நின்றது. காலையில் துணிக்கு நீராவி பிடித்தபோது பட்டிருக்க வேண்டும்.

"நல்லா வலிக்குமே!"

"இல்லங்க டீச்சர், ஒண்ணும் தெரியல."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. டீச்சரின் பார்வை விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறி, சட்டைக் கையின் விளிம்பில் நின்றது.

"எத்தன நாளா?" குரல் தணிந்திருந்தது.

கல்லாவில் முதலாளி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். றோசாலி துணியைச் சரிசெய்வது போல வெல்வெட்டைத் தடவினாள். எதிர்ப்பக்கமாகப் போன விரலுக்குப் பின்னால் மெரூன் கறுத்து ஒரு கோடாக நின்றது. கோடு போட்டது தன் விரல்தான் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.