இளவரசி போக்னா முடிக்காத வாக்கியம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஜெர்மன் கரையில், ஒரு பீர் கடையில் உட்கார்ந்திருந்தோம். நண்பன் ஹார்ட்முட் சீண்டினான்.

"உங்க போலந்து இளவரசிங்களை நாங்கதானே கட்டிக்கிட்டோம். இல்லேன்னா யாரு கட்டியிருப்பா?"

"உங்க இளவரசனுங்க ஊர்ல வேலையில்லாம எங்க சிம்மாசனத்துல வந்து உட்கார்ந்தாங்களே, அதை விட்டுட்டியே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பாலத்தைத் தாண்டி என் கரைக்கு வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. கட்டிக்கொடுக்கப்பட்டவளிடம் யாராவது கேட்டார்களா?

2

'பனி கொட்டும் காலையில், இளவரசி போக்னா கண்ணீரோடு வண்டியில் ஏறி…'

வேண்டாம். ஏன் எல்லா இளவரசிகளும் அழுதுகொண்டே வருகிறார்கள்?

மறுபடி. போக்னா வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். சிவப்பு பூட்ஸ் மாட்டிக்கொண்டு, போலந்திலிருந்து குதிரை மேலேயே மாப்பிள்ளையின் கோட்டைக்கு வந்தாள். (எந்தச் சரித்திரத்திலும் தேடாதீர்கள், இவர்கள் என் கைச்சரக்கு.) ஜெர்மன் சிற்றரசன் ருப்ரெக்ட், தொப்பியில் நெருப்புக்கோழி இறகுகளோடு வாசலில் நின்றான். அவன் மொழி அவளுக்குத் தெரியாது, அவள் மொழி அவனுக்குத் தெரியாது. நடுவில் தோரோத்தா, இரண்டும் தெரிந்த தோழி.

"இவங்க ஊர்ல வண்டியே கிடையாதா?" என்றான் ருப்ரெக்ட்.

"நல்லா குதிரை ஓட்டுறீங்களாம், இளவரசி" என்று மாற்றிச் சொன்னாள் தோரோத்தா.

"அந்த இறகைப் பிடுங்கின பறவை பொழைச்சுதான்னு கேளு."

"தொப்பி பிரமாதமாம், பிரபு."

(தோரோத்தா மேல் எனக்குச் சந்தேகம். காப்பாற்றுவது போக்னாவையா, தன் தலையையா?)

3

மறுநாள் தேவாலயத்தில் பாதிரியார் சம்மதம் கேட்டார். தோரோத்தா அதைப் போக்னாவுக்குச் சொன்னாள். போக்னா நிமிர்ந்து, "யா…" என்று தொடங்கினாள்.

போலந்து மொழியில் 'யா' என்றால் 'நான்'. ஜெர்மனில் 'ஆமாம்'.

அவள் அடுத்த மூச்சு எடுப்பதற்குள் கோயில் மணி முழங்கிவிட்டது.

விருந்தில் போக்னா தோழி பக்கம் சாய்ந்தாள். "நான் இன்னும் பேசி முடிக்கலைன்னு ஏன் சொல்லலை?"

"என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியலையே. தெரிஞ்சிருந்தா இன்னும் பயந்திருப்பேன்."

4

வருடங்கள் ஓடின. இரண்டு பிள்ளைகள். போக்னா ஜெர்மனில் சண்டை போடும் அளவுக்குத் தேறினாள். ருப்ரெக்ட் நான் திட்டமிட்டதைவிட நல்லவனாகிவிட்டான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்களை அனுப்பிவிட்டுத் தானே சூப் ஊட்டினான். (கதைக்கு இது இடைஞ்சல். இருந்தும் இந்த வரியை அடிக்க மனம் வரவில்லை.)

ஒரு நாள் சந்தையில் போலந்துக் குதிரை வியாபாரி ஒருவன் நெஞ்சைத் தட்டி, "யா, யா" என்றான்.

"எதுக்கு ஆமாம் ஆமாம்கிறான்?" என்றான் கூட வந்த ருப்ரெக்ட்.

யோசிக்காமல் சொல்லிவிட்டாள் தோரோத்தா. "அது ஆமாம் இல்லை, பிரபு. போலந்துல 'யா'ன்னா 'நான்'. 'நான்தான் வளர்த்தேன்'ங்கிறான்."

ருப்ரெக்ட் குதிரை வாங்காமலே வீடு திரும்பினான்.

5

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தே, போக்னா?" வாசற்படியிலேயே கேட்டான்.

'"மறந்துபோச்சு."' எதையும் மறக்கிறவள் இல்லை அவள்.

'"நான் மாட்டேன்னு சொல்ல வந்தேன்."' பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களே.

'"நான் சம்மதிக்கிறேன்னுதான்…"' அவன் நம்பிவிடுவான். நான் நம்பமாட்டேன்.

மூன்றையும் அடித்துவிட்டேன். போக்னா பிள்ளைகளை வெளியே அனுப்புகிறாள். அவனை உட்காரச் சொல்கிறாள். பிறகு, அவனுக்குப் புரியட்டும் என்று ஜெர்மனிலேயே தொடங்குகிறாள்.

நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். அவள் சொல்வதை நீங்கள் கேளுங்கள், குறுக்கே பேசாமல்.