தம்பிக்கு வைத்த படையல்

"இன்னாப்பா, கையைக் கட்டிக்கினு நிக்கிறே? மூடியைத் திற!" என்று அதட்டினார் பஞ்சாட்சரம்.

தலைவாழை இலையில் ராஜவேலுவுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. கருவாட்டுக் குழம்பு, மசால்வடை, ஒரு கட்டு பீடி. இலைக்குப் பக்கத்தில், சித்தப்பா பஞ்சாட்சரம் தம் கையால் வாங்கி வந்த சாராயப் புட்டி. குடித்துவிட்டுக் குளிக்கப் போன ராஜவேலு சர்வதீர்த்தக் குளத்தில் பிணமாக மிதந்து அன்றோடு ஒரு வருஷம். எது அவனைக் கொன்றதோ அதையே அவனுக்குப் படைக்கிறார்கள். என்ன அக்கறை பாருங்கள்! செத்தவனுக்குப் பிடித்ததை வைக்காவிட்டால் ஆவி வீட்டைச் சுற்றுமாம். வைத்த ஒவ்வொன்றிலும் கூடப்பிறந்த மூத்தவன் ஒரு வாய் எடுத்தால்தான் அவனுக்குப் போய்ச் சேருமாம். அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி.

அந்த மூத்தவன்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கோதண்டபாணி. ஐந்து மாதமாக ஒரு சொட்டு தொடாதவன்.

ஆவி சுற்றவில்லை என்று அவனாலும் சொல்ல முடியாது. கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு ஆள் வேண்டும். இவன் சேலையின் உடலுக்கு நூல் நாடாவை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளியவன் தம்பி. இப்போது அந்த இடம் காலி. ஆனாலும் வீட்டுத் தறியில் உட்கார்ந்தால் போதும், அங்கேயிருந்து குரல் வரும்: "ஒரு டம்ளர்தானே, வா." அது தம்பி சொன்ன வார்த்தை இல்லை. சாவு நடந்த அன்று, பத்து நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்த தம்பியை, "ஒரு டம்ளர்தானே, வாடா" என்று கடைக்கு இழுத்துப் போன பாவி கோதண்டபாணிதான். அவன் வார்த்தையே தம்பி குரலில் திரும்பி வந்து அவனைத் தின்றது.

புட்டியைப் பார்க்கப் பார்க்க நாக்கு ஊறியது. சமையற்கட்டு வாசலில் நின்ற மனைவி சம்பூர்ணத்திடம் போய், "தாவீது சாரைக் கூட்டிக்கினு வா" என்றான் மெதுவாக.

"இங்கயா? உங்க சித்தப்பா இருக்கறாரே!"

"இல்லைன்னா நான் குடிச்சிடுவேன் சம்பூர்ணம். ஓடு."

அவள் புழக்கடை வழியாக ஓடினாள்.

தாவீதைக் கண்டுபிடித்ததே அவள்தான். கடலை மடித்து வந்த ஒரு துண்டு நோட்டீஸில் 'குடியை விட விரும்புவோர் கூட்டம், வியாழக்கிழமை மாலை' என்று இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கோதண்டபாணி ஏதோ டாக்டர் ஊசி போடுவார் என்று நினைத்துப் போனான். இடம் காலனியில் சர்ச்சுக்குப் பக்கத்து ஓட்டுக் கொட்டகை. டாக்டரும் இல்லை, ஊசியும் இல்லை. எட்டு பேர், ஒரு பெஞ்சு. அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கும் ஒருவர் எழுந்தார். "எம் பேரு தாவீது. நான் குடிகாரன். இன்னிக்கு ஒரு நாள் நான் குடிக்கல. இப்டியே ஒவ்வொரு நாளா ஏழு வருஷம் ஆவுது," என்றார். யாரும் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

டீ வந்தபோது கோதண்டபாணி கையை இழுத்துக்கொண்டான். காலனி வீட்டு டம்ளர் ஆயிற்றே.

"சாராயக் கடையில எந்த கிளாஸ்ல குடிச்சேபா?" என்று கேட்டார் தாவீது. கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் சுட்டது. கடையில் ஊருக்கெல்லாம் ஒரே கிளாஸ். ஒரு நாளாவது யார் வாய் வைத்தது என்று கேட்டிருப்பானா? வெட்கத்தோடு டீயைக் குடித்தான். "மனசு தடுமாறினா சொல்லி அனுப்பு. எங்க இருந்தாலும் வரேன்," என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்.

சொன்னபடி வந்தார். விரலெல்லாம் அச்சு மை. வாசற்படியில் தயங்கியவரை, "உள்ள வாங்க சார்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தான் கோதண்டபாணி. பிடித்த பிறகுதான் அந்தத் தவிப்பு கொஞ்சம் அடங்கியது.

பஞ்சாட்சரம் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! காலனி ஆளை நடுவீட்டுக்குள்ள இட்டாந்துட்டியே! படையலே தீட்டாப் பூட்ச்சு! இத இனிமே ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது!"

"நானும் ஒரு வாய் எடுக்க வேணாம்ல சித்தப்பா?"

பஞ்சாட்சரம் முறைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப, படையலுக்கு வந்திருந்த பங்காளிகளும் பசியோடு பின்னாலேயே போனார்கள். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். குனிந்து புட்டியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"மூடி தொறக்காததுக்குத் தீட்டு இல்ல," என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னால உனக்குச் சொந்தம் போச்சேபா," என்றார் தாவீது.

"உக்காருங்க சார், சாப்பிடலாம்." தானே அவருக்கு இலை போட்டான். சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு படைத்த சோற்றை எடுத்து இரண்டு இலையிலும் பரிமாறினாள்.

முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் தறிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. "ஒரு டம்ளர்தானே, வா."

கோதண்டபாணி காலியான இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"வேணாம்டா ராஜவேலு. இன்னிக்கு ரெண்டு பேரும் போவ வேணாம்," என்றான் வாய்விட்டு. போன வருஷம் சொல்லியிருந்தால் தம்பி இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.