குழாய்ப் படத்தின் நீள அகலம்

2022 மார்ச் 9, புதன்கிழமை, குழாய்த் தொழிற்சாலையின் விளம்பரப் பிரிவு, விலைப்பட்டியலுக்காக வாண்டு எடுத்துக்கொடுத்த பதினெட்டுப் படங்களையும் திருப்பி அனுப்பியது.

வாண்டு என்பது அவளுக்கு அக்கா புருஷன் வைத்த பெயர். அவருடைய ஸ்டூடியோவில் ஆறு வருடம் விளக்குத் தூக்கித் தொழில் கற்றவள், ஒளியைப் பிடிக்கும் சில்லான சென்சார் சின்னதாக இருக்கும் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். அன்றிலிருந்து அத்தானுக்கு வயிற்றெரிச்சல். விளம்பர அதிகாரி தன்னிடம் அபிப்பிராயம் கேட்டபோது அவர் படங்களைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"அது பொம்மை கேமரா மேடம். சென்சார் தம்மாத்துண்டு. அதுல வேற என்ன வரும்?"

வேலை அவருக்கே போனது.

வாண்டு வீட்டில் உட்கார்ந்து படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பளபளக்கும் குழாயின் விளிம்பெல்லாம் மெல்லிய ஊதாக் கோடு. மூலைகளில் கம்பெனிப் பெயரின் எழுத்து கரைந்திருந்தது. குற்றம் சென்சாருடையதல்ல, கேமராவோடு சேர்ந்து வந்த மலிவு லென்ஸுடையது. இந்த வித்தியாசத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அத்தான்தான். தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

எட்டு மாதம் அடையாள அட்டைப் படமும் வாடகை வீட்டு விளம்பரப் படமும் எடுத்து, தொழில்காரர்கள் வாங்கும் லென்ஸை வாங்கினாள். விலை கேமராவைப்போல இரண்டு மடங்கு. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அத்தான் அதைக் கையில் வைத்து எடைபார்த்தார்.

"சைக்கிளுக்கு ஏரோப்ளேன் சக்கரமா, வாண்டு? பறக்கும்போது சொல்லு, கையாட்டுறேன்."

அக்கா தண்ணீர் புரையேறுமளவுக்குச் சிரித்தாள். வாண்டு லென்ஸைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

பிப்ரவரியில் அடுத்த விலைப்பட்டியலுக்கான பேச்சு தொடங்கியதும் அதிகாரியைப் போய்ப் பார்த்தாள்.

"ஒரே குழாய், ஒரே விளக்கு, ஆளுக்கொரு படம். பேர் போடாம வைங்க. எது மட்டம்னு அத்தானே சொல்லட்டும். அவர் சொல்றது என் படமா இருந்தா இனி இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவாரேம்மா. உன் கேமரா படம் கொஞ்சம் சதுரமா இருக்கும், அவரோடது நீளம். ரெண்டையும் ஒரே அளவா வெட்ட அச்சகத்துல சொல்லவா?"

அதுதான் நியாயம். வாண்டுவுக்கும் தெரிந்தது.

"வேணாம் மேடம். மாத்தி வெட்டச் சொல்லுங்க. என்னுடையதை நீளமா, அவருடையதைச் சதுரமா."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அத்தான் உனக்கு என்னம்மா பண்ணினார்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல், "போன வருஷம் நானும் அவர் வாயைத்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கலை. சரி, வெட்டச் சொல்றேன்" என்றார்.

மாதிரி அறையில் மேசைமீது குழாய்க்கும் கேமராவுக்கும் இடம் குறித்து நாடா ஒட்டியிருந்தது. பட்டியலில் எல்லாக் குழாயும் ஒரே கோணத்தில் இருக்கவேண்டும். அதனால் இருவர் படமும் அச்சு அசலாக ஒன்றுபோலவே அமைந்தன. மார்ச் 14 காலை, அத்தானும் விற்பனைப் பிரிவினர் ஐந்து பேரும், பெயர் போடாத இரண்டு படங்களும் வைத்த மேசையைச் சுற்றி நின்றார்கள். அத்தான் குனியக்கூட இல்லை. சதுரமான படத்தில் விரலை வைத்தார்.

"இது வாண்டு எடுத்தது. பின்பக்கக் கைப்பிடியைப் பாருங்க, மங்கலா இருக்கா? என்ன லென்ஸைப் போட்டா என்ன, சென்சார் வேலையைக் காட்டிடுச்சு. இதை அச்சில போட்டா கம்பெனி மானம் போயிடும்."

"நிச்சயமா?" என்றார் அதிகாரி.

"முப்பது வருஷமா இதே தொழில் மேடம்!"

அத்தானுடையதைப்போன்ற பெரிய சென்சாரில்தான் பின்னால் இருப்பது சீக்கிரம் மங்கும். அதிகாரி படத்தைத் திருப்பினார். பின்பக்கம் அச்சகத்தார் எழுதிவைத்திருந்தது அத்தானுடைய ஸ்டூடியோவின் பெயர்.

விற்பனைப் பிரிவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தான் நீளமான படத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் வைத்து, விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். ஊதாக் கோடு எங்கேயும் இல்லை. எழுத்து மூலைவரை கூர்மையாக இருந்தது.

"வெட்டி மாத்தியிருக்கே" என்றார், மெதுவாக.

"ஆமா அத்தான். நீங்க படத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அந்த ஆண்டு விலைப்பட்டியலின் நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் வாண்டு எடுத்தாள். அக்காவிடமிருந்து அதற்குப்பின் போன் வரவில்லை.