ராணி பார்க்காத கண்ணாடி

"ராணி முகம் பார்த்த கண்ணாடி என்கிறீர்கள். கீழ் ஓரத்தில் மட்டும் ஏன் ரசம் போயிருக்கிறது?"

கேள்வி என் போனுக்கு வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் நடத்தும் ஆன்லைன் பழம்பொருள் ஏலத்துக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. வாரமெல்லாம் கேஸ் கம்பெனியில் உட்கார்ந்து, சிலிண்டர் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவள் ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது. குடும்பத் தொழிலாம்.

எங்களிடம் ராணிக் கண்ணாடி ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியாது. எங்கேயோ போய் எதையோ தூக்கி வந்திருக்கிறான் என்று நினைத்துப் படத்தைத் திறந்தேன். மடித்த துணி கையிலிருந்து நழுவிவிட்டது. அது என் அப்பாவின் சலூன் கண்ணாடி.

தூரத்திலிருந்து பார்த்தாலும் எனக்கு அது தெரியும். நான் நடக்கப் பழகியதே அதன் முன்னால்தான். அதற்குக் கொழுந்தன் எழுதியிருந்த விவரத்தைப் படித்தேன். அரச குடும்பத்து அந்தப்புரத்தில் இருந்ததாம். சட்டத்தின் உச்சியில் இருப்பது அரச அன்னமாம். அந்தப் பறவையைச் செதுக்கியவர் அப்பாவிடம் முடி வெட்டிக்கொள்ள வரும் தச்சர். புறா என்று சொல்லித்தான் செதுக்கினார். பார்த்தவர்கள் எல்லோரும் கோழி என்றார்கள். அன்னம் என்று சொன்ன முதல் ஆள் என் கொழுந்தன்தான்.

அப்பா போன பிறகு கடையைக் காலி செய்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டது இந்தக் கண்ணாடி ஒன்றைத்தான். ஆள் உயரக் கண்ணாடி, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஹாலில் மாட்டலாம் என்று ஆசையாகச் சொன்னேன். மாமியார் முகம் சுருங்கிப் போனது. "வர்றவங்க எங்க வாங்கினதுன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் அறையில் பீரோவுக்குப் பின்னால், போர்வை போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றது. நானும் பேசாமல் இருந்தேன். புதிதாக வந்தவள், ஒரு கண்ணாடிக்காகச் சண்டை போட்டாள் என்று பேர் வேண்டாமே என்று பார்த்தேன்.

கொழுந்தனை நான் வாய் நிறைய "தம்பி, வாங்க போங்க" என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் கொடுத்த மரியாதை தீர்ந்து நாளாகிறது. அவன் ஏலம் நடத்துகிற அழகு அப்படி. ஒரு பொருளைப் போட்டதும் முதல் ஆளாக மாமியார் தன் போனிலிருந்து ஒரு விலை கேட்பார். என் வீட்டுக்காரர் அதற்கு மேல் கேட்பார். வேறு ஊரிலிருக்கும் சித்தப்பா இன்னும் ஏற்றுவார். வெளியாள் ஒருவர் சூடு பிடித்ததும் இவர்கள் நைசாகக் கழன்றுகொள்வார்கள். ஒரு தடவை மாமியாருக்கு ஆவேசம் வந்து நிறுத்த மறந்துபோய், எங்கள் வீட்டுப் பித்தளை விளக்கை எங்களிடமே ஏலத்தில் எடுத்துவிட்டார். ஜெயித்த சந்தோஷத்தில் ரெண்டு நாள் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பின்பக்க அறைக்குப் போனேன். வெள்ளைத் துணி கட்டி, ரெண்டு விளக்கு வைத்து, நடுவில் என் கண்ணாடியை நிறுத்தியிருந்தான். கீழ்ச் சட்டத்தில் ஏதோ எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கியிருந்தான்.

"தம்பி, இது யார் கண்ணாடி?"

"அண்ணி, அண்ணன்தான் எடுத்துக்கடான்னு சொன்னார்."

வீட்டுக்காரர் வாசலில் நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தார். "சும்மாதானேம்மா கிடந்துச்சு. ஒரு கண்ணாடிதானே" என்றார்.

"ஒரு கண்ணாடிதானேன்னா நீங்க குளியலறையில இருக்கறதைக் கழட்டி வித்திருக்கலாமே."

"அதுக்கு யாரு ராணி கதை கேப்பாங்க?" என்றான் கொழுந்தன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. முடி வெட்டுகிறவர் கண்ணாடி என்றால் இந்த வீட்டு ஹாலுக்கு ஆகாது. அதே கண்ணாடியை ராணி பார்த்தாள் என்றால் ஊரே போட்டி போட்டுக் கேட்கலாம். நடுவில் என் அப்பாவை மட்டும் துடைத்து எடுத்துவிட்டார்கள். வாங்க வருகிறவரை ஏமாற்றுவது ஒரு பக்கம். அப்பா அதன் முன்னால் நின்ற காலமெல்லாம் நடக்கவே இல்லை என்று ஆக்குகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலத்தை நிறுத்துங்க. எனக்கு என் கண்ணாடி வேணும்."

"ஓடிக்கிட்டு இருக்கிற ஏலத்தை எப்படி அண்ணி நிறுத்துறது? சாயங்காலம் லைவ்ல வந்து முடிச்சு வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன். பேர் கெட்டுடும்."

பேர். அதை அவன் வாயால் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் என் போன் மறுபடி சிணுங்கியது. அதே ஆள்தான். எதை ஏலத்தில் போட்டாலும் குறுக்கு விசாரணை செய்வதால் கொழுந்தன் அந்த ஆளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தான். ஆணா பெண்ணா தெரியாது. இதுவரை எங்களிடம் ஒரு பொருள்கூட எடுத்ததில்லை. இந்தக் கண்ணாடிக்கும் விலை சொல்லாமல் கேள்விகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, எதற்கு?

"பலகை மாட்டினதுன்னு சொல்லுங்க அண்ணி. ராணி கிரீடத்தைக் கழட்டி வைக்கிற பலகை."

"நீங்களே சொல்லுங்க" என்று போனை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதையே எழுதினான். வலப்பக்கம் ஓர் இரும்புக் கொக்கி தெரிகிறதே, அது எதற்கு? முத்துமாலை தொங்கவிட, என்றான். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? முடியாது, பழைய பொருளை அடிக்கடி திருப்பக் கூடாது. நேரில் வந்து பார்க்கலாமா? பாதுகாப்புக் காரணங்களால் இயலாது. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? அதற்கு அவன் கும்பிடுகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினான்.

வக்கீல் விடவில்லை. "உங்களைப் பாராட்டி எழுதியவர்கள் எல்லோரும் ஒரே கை எழுதியது போல 'நல்ல மனுஷங்க' என்று முடிக்கிறார்கள். நீங்கள் விற்கும் எல்லாவற்றுக்கும் அதே மூன்று பேர் விலை ஏற்றுகிறார்கள். ஆனால் அந்த விளக்கைத் தவிர எதையும் அவர்கள் எடுத்ததே இல்லை. அவர்கள் யார்?"

"நல்ல மனுஷங்கன்னு எழுதினது நான்தான்" என்றார் மாமியார், பின்னாலிருந்து. "அதுல என்ன தப்பு?"

கொழுந்தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அந்த ஆள் எந்த ஊரோ, யாரோ. ஆனாலும் அந்த அறையில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கத்தலாம், அழலாம், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கலாம். அத்தனைக்கும் இந்த வீட்டில் பதில் தயாராக இருக்கும். வழியைக் கொழுந்தனே கொண்டுவந்து கொடுத்தான். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், ஒன்றுமே நடக்காதது மாதிரி துண்டோடு வந்து நின்றான்.

"அண்ணி, கோபம் வேற, முடி வேற. லைவ்ல வரணும், பாருங்க எப்படி வளர்ந்து கிடக்குன்னு."

இதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த வீட்டில் ஆண்கள் தலை எல்லாம் என் கைதான். அப்பாவிடம் கற்றது. கொல்லைப்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், கதவைச் சாத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வெளியில் கேட்டால் கொழுந்தன் ஏதோ ஏசி பார்லர் பெயரைச் சொல்வான். அங்கே காபி எல்லாம் கொடுப்பார்கள் என்று ஒருத்தனிடம் அளந்து விட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

"வாங்க தம்பி" என்றேன். "கொல்லையில வெயில். இங்கேயே உட்காருங்க. லைட்டும் இருக்கு, கண்ணாடியும் இருக்கு."

சந்தோஷமாக உட்கார்ந்தான். துண்டைக் கட்டிவிட்டேன். தண்ணீர் தெளித்தேன். துளிகள் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ரசம் போன அதே இடத்தில் விழுந்தன. அப்பாவின் கத்தரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வலப்பக்கத்தை நிதானமாக, காதுக்கு மேல் படிப்படியாக ஏற்றி, பின்கழுத்து வரை கொண்டுவந்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு கத்தரியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"இந்தப் பக்கம் அண்ணி?"

"அப்புறம். முதல்ல விவரத்தை மாத்தி எழுதுங்க. நான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். வலப்பக்கம் மாப்பிள்ளை, இடப்பக்கம் புதர். சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே" என்று கூப்பிட்டான். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "என்கிட்ட ஏன்டா சொல்றே, எனக்கும் அடுத்த வாரம் வெட்டணும்" என்று நழுவப் பார்த்தார்.

மாமியார் ஓடி வந்தார். "என் பிள்ளை தலையை என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"பாதி பண்ணியிருக்கேன் அத்தை. மீதி அவர் கையில இருக்கு."

"தொப்பி போட்டுக்குவேன்" என்றான் கொழுந்தன்.

"போட்டுக்கோங்க. முன்னாடி கேமரா, பின்னாடி கண்ணாடி. தொப்பிக்குக் கீழே தெரியறதை நாட்டுக்கே காட்டுங்க."

"சலூனுக்குப் போறேன்."

"போங்களேன். தெருவுல நடந்துதானே போகணும்."

அவன் போனை எடுத்தான். லைவ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆரம்பமாகுமா என்று கேட்டு ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதினான். இது எந்த அரண்மனையிலும் இருந்ததில்லை, ஒரு சலூனில் இருந்தது. கீழே ரசம் போனது, தலையில் தெளிக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு. ஓட்டைகள், சீப்பும் பவுடரும் வைத்த பலகைக்கு. கொக்கி, கத்தி தீட்டும் தோல் வாரை மாட்டுவதற்கு. மேலே இருப்பது புறா.

"கோழின்னு போடவா?" என்றான்.

"புறா."

எழுதினான். "போதுமா?"

"இன்னும் இருக்கு. விலை ஏத்தின மூணு பேரும் எங்க வீட்டு ஆளுங்கன்னு எழுதுங்க."

"என்னையுமா?" என்றார் மாமியார்.

"உங்களைத்தான் அத்தை முதல்ல."

அதையும் எழுதினான். பெருமூச்சு விட்டு நிமிர்ந்தான்.

"கடைசியா ஒண்ணு. அந்தக் கடையை நடத்தினவர் என் அண்ணியோட அப்பான்னு எழுதுங்க."

விரல் நின்றுவிட்டது. அதுவரை எழுதியதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இது பட்டது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "அதை எழுதியே ஆகணுமா அண்ணி? தெரிஞ்சவங்கல்லாம் பார்ப்பாங்க."

"அதுக்காகத்தான் இவ்வளவும்."

கண்ணாடியிலேயே அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "எங்கப்பா ஒருத்தரையும் ஏமாத்தி ஒரு காசு வாங்கினதில்ல தம்பி. அவரைச் சொல்றதுக்கு உங்களுக்குக் கூச்சமா இருக்கு. இல்லாத ராணியைச் சொல்லக் கூச்சமா இல்ல."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எழுதுடா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு இத்தனை நேரம் தேவைப்பட்டிருக்கிறது. கொழுந்தன் எழுதிப் பதிவு செய்தான்.

விலை கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒருவர் திட்டிவிட்டுப் போனார். லைவுக்குக் காத்திருந்த கூட்டமும் கலைந்தது. ராணிக்காக வந்தவர்கள், ராணி இல்லை என்றதும் போய்விட்டார்கள். அது நியாயம்தானே. கொழுந்தன் அரைத் தலையோடு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

அப்போது வக்கீல் எழுதினார்.

"பலகைக்கும் கொக்கிக்கும் இப்போதுதான் பொருத்தமான பதில் வந்திருக்கிறது. உங்கள் கடையில் நான் நம்புகிற முதல் பொருள் இது. என் விலையைச் சொல்லலாமா?" கீழே விலையும் இருந்தது. ராணி கதைக்கு வெளியாட்கள் கேட்டதைவிடக் கூடுதல்.

கொழுந்தன் துள்ளி எழுந்துவிட்டான். துண்டிலிருந்து முடி கொட்டியது. "அண்ணி, உண்மைக்கு இவ்வளவு மார்க்கெட் இருக்கா? இனிமே எல்லாத்துக்கும் இப்படியே எழுதிடலாம்."

"தாராளமா எழுதுங்க" என்று போனை வாங்கிக்கொண்டேன். "இது மட்டும் விற்பனைக்கு இல்ல."

வக்கீலுக்கு நானே பதில் எழுதினேன். கேள்வி கேட்டதற்கு நன்றி. இந்தக் கண்ணாடி என்னுடையது, என்னைக் கேட்காமல் ஏலத்தில் போட்டுவிட்டார்கள். இன்று முதல் எங்கள் ஹாலில் இருக்கும். நேரில் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். முடி வெட்ட வேண்டும் என்றாலும் வாருங்கள்.

"ஹால்லயா?" என்றார் மாமியார். "வர்றவங்க கேட்டா?"

"கேக்கட்டும் அத்தை. அவங்களுக்குப் பதில் சொல்றதுக்கு நான் இருக்கேன்."

வீட்டுக்காரர் டிரில்லிங் மெஷினை எடுத்து வந்தார். அண்ணனும் தம்பியும் கண்ணாடியைத் தூக்கி, தெருவாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவரில் மாட்டினார்கள். பழைய பலகையைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அதுவும் அந்த இரண்டு ஓட்டைகளில் போய் உட்கார்ந்தது. சீப்பை எடுத்து அதன் மேல் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கொழுந்தன் உட்கார்ந்தான். கண்ணாடியில் அவன் தெரிந்தான், அவனுக்குப் பின்னால் நான் தெரிந்தேன், எனக்குப் பின்னால் வாசல் வழியாகத் தெரு முழுக்கத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் நடையை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, கதவு திறந்திருக்கு."

"தெரியும். தலையை ஆட்டாதீங்க தம்பி."