ஆளு வீட்ல இல்ல

காத்தாயிக்கு முதலில் மறந்தது உப்பு. ஒரு நாள் குழம்பில் உப்பே இருக்காது, மறுநாள் வாயில் வைக்க முடியாது. புருஷன் தங்கையன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். வயசானால் எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள் பக்கத்து வீட்டில். அப்புறம், அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் செய்தி வாசிக்கிறவர் பார்க்கிறார் என்று, புடவை மாற்ற அடுப்படிக்குள் ஒதுங்க ஆரம்பித்தாள். வாய்க்காலுக்குத் துவைக்கப் போனவளைத் திருக்கடையூர் ரோட்டில் கண்டு யாரோ சைக்கிளில் கூட்டிவந்த அன்று, "வேணும்னே பண்றியா?" என்று தங்கையன் கையை ஓங்கிவிட்டார். அவள் விலகவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மயிலாடுதுறையில் டீச்சராக இருந்த மகள் அம்சம் லீவு போட்டு, இருவரையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனாள்.

நரம்பு டாக்டர் நடுவயதுப் பெண். கிழமை கேட்டார், மாதம் கேட்டார். காத்தாயி வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"தெரியாது."

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். "சரி, பேர் வேணாம். அவர் எங்க இருக்கார்னு காட்டுங்க, போதும்."

காத்தாயியின் முகம் இறுகியது. "ஆளு வீட்ல இல்ல. போயி ரொம்ப நாளாச்சு. எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போகல."

பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கையனுக்கு அந்தப் பதில் பழக்கமானது. அறுபத்தெட்டில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்பை நிறுத்திய சமயம், விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்களைத் தேடிப் போலீஸ் தெருவுக்குள் வந்தது. தங்கையன் கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒளிந்திருந்தார். அம்சத்தை வயிற்றில் சுமந்தபடி வாசலில் நின்று காத்தாயி சொன்னது இதைத்தான். பானை சட்டியெல்லாம் உடைத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அதை டாக்டரிடம் சொன்னார்.

"பிடிவாதம்னு நெனைக்காதீங்க ஐயா. மூளையில புதுசா எதுவும் நிக்க மாட்டேங்குது. பழசு கடைசியாத்தான் போகும். அல்சைமர்னு பேரு. குணமாக்க மருந்து கிடையாது, கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கலாம். அவங்க சொல்றத இல்லன்னு வாதாடாதீங்க. அவங்க எந்தக் காலத்துல இருக்காங்களோ, நீங்க அங்க போங்க."

அம்சம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எனக்கும் வருமா டாக்டர்?"

"வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. பிரஷர், சுகர் ஏற விடாதீங்க. நடங்க. காது மந்தமானா உடனே பாருங்க. நாலு பேரோட பேசிப் பழகுங்க. வாய்ப்பக் குறைக்கலாம், அவ்வளவுதான்."

சம்பா நடவு முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் தங்கையன் வயலிலிருந்து திரும்பியபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"காத்தாயி, கதவத் தொற."

"யாரு?"

"நாந்தான்."

ஜன்னல் வழியாக அவர் முகத்தை நேராகப் பார்த்தே அவள் சொன்னாள். "ஆளு வீட்ல இல்ல. போயிடுங்க."

அவருக்கு ஆத்திரம் வந்தது. கதவை இடிக்கக் கை போனது. இடித்தால் அவள் கண்ணுக்குத் தான் யாராகத் தெரிவோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கையை இறக்கிக்கொண்டார்.

"சங்கத்துலேருந்து வர்றேம்மா. தங்கையன் சொல்லி அனுப்புனாரு. பத்திரமா இருக்காராம்."

தாழ் விலகியது.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"நீங்க?"

தன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார்.

அதன்பிறகு சில நாள் அவரை அவளுக்குத் தெரிந்தது, பல நாள் தெரியவில்லை. தெரியாத நாட்களில் அவர் சேதி கொண்டுவருகிற ஆள். மாடு கன்று போட்டதைச் சொல்லுங்கள், சளி பிடிக்கும் ஆற்றில் இறங்க வேண்டாமென்று சொல்லுங்கள் என்று அவளும் சேதி சொல்லி அனுப்புவாள். ஒரு மத்தியானம் அவர் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரரு எப்படிப்பட்ட ஆளும்மா?"

முறத்தில் இருந்த அரிசியை அவள் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தாள். "பயந்த ஆளு. கூட்டத்துல நல்லா சத்தம் போடுவாரு. வீட்டுக்கு வந்தா கை நடுங்கும். நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்."

நாற்பது வருஷமாக அந்த நடுக்கத்தை அவளிடமிருந்து மறைத்துவிட்டதாகவே தங்கையன் நம்பியிருந்தார்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "சங்கடப்படுவாரு."

"சொல்லல," என்றார்.

அடுத்த வருஷம் பேச்சு நின்றுபோனது. ஊட்டினால் விழுங்குவாள். அவர்தான் ஊட்டினார். அதற்கடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரக் காய்ச்சலில் இறந்துபோனாள்.

துக்கத்துக்கு வந்த பெண்கள், கட்டின புருஷனையே அடையாளம் தெரியாமல் போய்ச் சேர்ந்தாளே என்று அம்சத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அது தங்கையன் காதிலும் விழுந்தது. பந்தலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ரெண்டு கீற்று கொண்டுவந்து போடச் சொன்னார்.