பானட்டில் கை வைத்தேன்

இப்போது யாருக்கும் ஒரு பொருளை நின்று பார்க்கப் பொறுமை இல்லை. போனில் நாலு படத்தைத் தள்ளுகிறார்கள், சூப்பர் என்கிறார்கள், காசைக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கினது வீட்டுக்கு வந்து பல்லை இளித்த பிறகு ஊருக்கெல்லாம் போன் போட்டு அழுகிறார்கள். அழுகிற நேரத்தில் மட்டும் அப்பன் ஞாபகம் வரும்.

என் மகளும் அப்படித்தான் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பழைய கார். பதினெட்டு வயது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்தது. விலை கொள்ளை மலிவு.

"இந்த விலைக்குக் குடுக்கறான்னா அதுல யாரைப் போட்டுக் கொன்னான்?" என்று கேட்டேன்.

"பார்க்கவாவது வாப்பா" என்றாள்.

அவள் அவசரம் எனக்குத் தெரியாதது இல்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. காலை ஐந்து மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிக்க வேண்டும். நாலரை மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு நாள் பேப்பர் வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டு போனான், இப்போது அவனும் பாதை மாறிவிட்டான். இந்த மாதம் இரண்டு தடவை லேட். மூன்றாவது தடவை லேட்டாக வந்தால் அப்படியே திரும்பிப் போகலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம். கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், காசும் சேர்த்திருக்கிறாள். என்னிடம் அவள் ஒரு காசு கேட்கவில்லை. நான் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. புரோக்கர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்தான். நாற்காலியைத் துடைக்கிறவனை நான் நம்புவதில்லை. "மூணு லட்சம் ஓடின வண்டி, மறைக்கல பெரியவரே" என்று அவனே ஆரம்பித்தான். ஒரு குறையை வலிய வந்து சொல்கிறான் என்றால் இன்னொன்றை மடியில் வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

நான் மெக்கானிக் இல்லை. டிப்போவில் பஸ் கழுவினவன். படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனால் முப்பது வருஷம், விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸைக் கிளப்பும்போது பக்கத்தில் வாளியோடு நின்றிருக்கிறேன். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின் காலையில் எப்படி எழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். சூடேறின பிறகு எல்லா இன்ஜினும் யோக்கியன்தான்.

பானட்டில் கை வைத்தேன். சுட்டது.

ஏன் சுடுகிறது என்றேன். இப்போதுதான் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன் என்றான். அவன் சாவியைப் போட்டதும் சீறாமல் சிணுங்காமல் ஓடியது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், நாளைக் காலையில் ஏழு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கலாம், ஆறின வண்டியைப் பார்க்கலாம் என்றேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். வீட்டில் வேறு ஆளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி. டயர் கடை திறக்கவில்லை. தெருவில் ஈ காக்கை இல்லை. புரோக்கர் மட்டும் தலை வாரி, சட்டையை மடித்துவிட்டு, கொட்டகை வாசலில் நிற்கிறான்.

கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது.

"யோவ், நாங்க வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்தான்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஏமாற்றினால் அது அவன் தொழில். பெற்ற மகள், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, என் கண்ணில் மண்ணைத் தூவப் போன் போட்டிருக்கிறாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "போன வாரம் லீவு அன்னிக்குக் காலையில நான் மட்டும் வந்து பார்த்தேன்ப்பா. நாலு தடவை முக்குச்சு. அஞ்சாவது தடவைதான் எழுந்துச்சு. நீலமாப் புகை. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னை முட்டாளாக்கினியா?"

"உன்கிட்ட காட்டினா வேண்டாம்ப. எதைத்தான் வேணும்னு சொல்லியிருக்க? தையல் மெஷின் வேண்டாம். ரோட்டோர வீடு வேண்டாம். நான் கட்டிக்கிட்டவனைக்கூட வேண்டாம்னுதான சொன்ன."

"சொன்னது தப்பா? இப்ப எங்க அவன்?"

சொல்லியிருக்கக் கூடாது. வாய்க்கு வந்துவிட்டது. புரோக்கர் நைசாக டயர் கடைப் பக்கம் நகர்ந்தான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீ சொன்னதுதான் சரியாப் போச்சு. எல்லாத்துலயும் நீ சரி. சரியா இருந்து என்னப்பா பண்ண? நாளைக்கு நாலரைக்கு நான் எதுல போறது, அதைச் சொல்லு."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒரு வருஷத்துக்குள் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும், வாங்கின விலை அதற்கே போய்விடும், நட்ட நடு ரோட்டில் இருட்டில் நிற்பாய் என்றேன்.

"இப்பவும் இருட்டுலதான் நிக்கறேன். பஸ் ஸ்டாப்புல" என்றாள்.

சரி என்று நான் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். என் வாயிலிருந்து அது வரவில்லை, வராது. பிறகு அவளே புரோக்கரைக் கூப்பிட்டாள். விலையில் இன்னும் குறைக்கச் சொன்னாள். புகையைப் பற்றி அவன் முகத்துக்கு நேராகவே பேசினாள். அவனும் முனகிக்கொண்டே குறைத்தான். பேரம் பேசத் தெரிந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. காகிதத்தில் அவள் கையெழுத்துப் போடக் குனிந்தபோது நான் வெளியே வந்துவிட்டேன்.

ரோட்டில் பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் வந்து, வேகத்தைக் குறைத்து, கதவைத் திறந்தாள்.

"ஏறுப்பா."

"உன் வண்டி, நீ போ."

"வீடு வரைக்கும்தானே."

"ஏமாந்தவன் ஏறி வேற உக்காரணுமா?"

ஊர்ந்துகொண்டே என் கூட வந்தாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். வழியை விடு என்று கை காட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பார்க்க நன்றாகத்தான் ஓடியது. எத்தனை நாளைக்கு? நான் ரோட்டோரமாக நடந்தேன்.